குதிரை ஏன் அம்மாவின் பக்கத்தில் நிற்கிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சீன எழுத்துகளைக் கதை கட்டி மனத்தில் பதிய வைப்பது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நானும் அப்படித்தான் படிக்கத் தொடங்கினேன். ஒரு மனிதன், பக்கத்தில் ஒரு மரம், அதில் சாய்ந்து இளைப்பாறுகிறான், 'ஓய்வு' என்ற எழுத்து அதுதான். ஒருமுறை பார்த்தால் போதும், மறக்கவே மறக்காது.

ஆனால் கட்டுரை முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டது. பெரும்பாலான சீன எழுத்துகளில் ஒரு பகுதி பொருளைக் காட்டும், இன்னொரு பகுதி ஒலியைக் காட்டும். 'அம்மா' என்ற எழுத்தில் பெண்ணும் குதிரையும் உண்டு. குதிரையைப் போல ஓயாமல் ஓடுகிறவள் அம்மா என்று நான் கதை கட்டி வைத்திருந்தேன். குதிரைக்குச் சீனத்தில் 'மா' என்று பெயர், ஒலிக்காகத்தான் அது அங்கே நிற்கிறது என்று தெரியவே பல மாதம் ஆயிற்று. தெரிந்த பிறகு எவ்வளவு சுலபம்! 'சிங்' என்று ஒரு ஒலிப்பகுதி. அதோடு நீர் சேர்ந்தால் தெளிவு, சூரியன் சேர்ந்தால் வெயிலடிக்கும் வானம், இதயம் சேர்ந்தால் உணர்வு, பேச்சு சேர்ந்தால் வேண்டுகோள். நாலும் 'சிங்'தான், சிலவற்றில் குரலின் ஏற்ற இறக்கம்தான் மாறும். நாலு தனிக்கதை எதற்கு?

செங்யூ எனப்படும் மரபுத்தொடர்கள், பெரும்பாலும் நாலெழுத்தில் வருபவை, வேறு மாதிரி. அவற்றில் பலவற்றுக்குக் கதை ஏற்கெனவே இருக்கிறது. 'ஷோ ஜூ தாய் தூ' என்றால் மரக்கட்டையைக் காவல் காத்து முயலுக்குக் காத்திருப்பது. பழைய சீனாவின் சோங் நாட்டு உழவன் ஒருவன், தன் வயலில் இருந்த கட்டையில் முயல் ஒன்று முட்டிக் கழுத்தொடிந்து செத்ததைப் பார்த்து, உழவுக் கருவியைப் போட்டுவிட்டு அடுத்த முயலுக்காக அங்கேயே உட்கார்ந்துவிட்டான். பழைய அரசர்களின் முறையை வைத்தே இன்றைய மக்களை ஆளப் பார்ப்பவர்களை இடித்துரைக்க, 2,200 ஆண்டுகளுக்கு முன்பே ஹான் ஃபெய் என்ற சீனச் சிந்தனையாளர் சொன்ன கதை இது. இதை விட்டுவிட்டு, முயலையும் கட்டையையும் வைத்துப் புதிதாக ஏதோ சொல்லித்தருவதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை.

அப்புறம், 'ஜிங் தி ஜி வா'. நம் கிணற்றுத் தவளையேதான்! ஜுவாங்சி என்ற பழைய சீனத் தத்துவ நூலில் அது கடல் ஆமையிடம் தன் கிணற்றைப் பற்றிப் பெருமையடிக்கும். எந்த உத்தியும் இல்லாமல் முதல் நாளே மனத்தில் ஒட்டிக்கொண்டது.

வாரம் ஒரு செங்யூவை அதன் மூலக்கதையோடு வெளியிடுங்கள். பந்தயத்தில் பாம்புக்குக் கால் வரைந்து மதுக்கிண்ணத்தை இழந்தவன் கதையிலிருந்து தொடங்கினால் பிள்ளைகளுக்கும் பிடிக்கும்.

இப்படிக்கு,
சீனம் படிக்கும் வாசகர்