ஓவலின் இரும்புக் கூடு

அன்பின் மச்சான்,

நாலு மாதமாய்ப் பதில் போடாதது என் பிழைதான். இங்கே எல்லாரும் சுகம். பெரியவர் இன்னும் அதே நாற்காலி, அதே ரேடியோ.

லண்டன் ஓவல் கிரிக்கெட் மைதானத்தடியில் எடுத்து நீ அனுப்பின படத்தை ரசித்தேன். கீழே எழுதினதுதான் பொறுக்கவில்லை. 'ஓவலுக்குப் பக்கத்துக் காஸ் டாங்கியைக் காப்பாற்றி உள்ளே வீடு கட்டியிருக்கிறார்கள்.' எந்த டாங்கியை? கணக்கு மாஸ்டர் கண்டிருந்தால் உன் காது மிஞ்சாது. நிற்கிறது வெறும் இரும்புத் தூண் கூடு. காஸைப் பிடித்து வைத்தது அதற்குள் இருந்த மணி. அது போய்விட்டது.

நிலத்தில் வட்டத் தண்ணீர்த் தொட்டி. அதில் கவிழ்த்த கிண்ணம் மாதிரி இரும்பு மணி. அடியால் காஸ் வர மணி எழும்பும். மணி ஒரே துண்டல்ல, ஒன்றுக்குள் ஒன்றாய் அடுக்குகள். உள் அடுக்கின் அடிவிளிம்பு வெளிப்பக்கம் வாய்க்காலாய் மடிந்திருக்கும். எழும்பும்போது அது தண்ணீரை அள்ளிக்கொண்டு வந்து, உள்பக்கம் மடிந்த வெளி அடுக்கின் மேல்விளிம்பைக் கொளுவித் தூக்கும். அந்தத் தண்ணீர்தான் பூட்டு, வாஷர் ஒன்றும் கிடையாது. உங்கள் குளிரில் அது உறையும். நீராவி விட்டுச் சூடாக்க வேண்டும்.

நிறைய நிறைய அமுக்கம் ஏறும் என்றும் எழுதியிருக்கிறாய். இல்லையடா! மணியின் பாரத்தைப் பரப்பால் வகு, அதுதான் அமுக்கம். அடுத்த அடுக்கைத் தூக்கும்போது மட்டும் ஒரு படி கூடும்.

கூட்டின் வேலை மணியை நிமிர்த்திப் பிடிப்பது. நிறைந்த மணி காற்றுக்குப் பாய் விரித்த மாதிரி. அதன் உருளைகள் தூணோடு தண்டவாளத்தில் ஓடும். ஒன்று இறுகினால் மணி சரியும், வாய்க்கால் தண்ணீர் சிந்தும், காஸ் வெளியே.

மைதானம் 1845, நீ படம் எடுத்த முதலாம் இலக்க டாங்கி 1847. 1880இல் இங்கிலாந்து மண்ணில் முதல் டெஸ்ட் அங்கே நடந்தபோது, திருப்பிக் கட்டின கூடு புத்தம் புதிது. பார்க்க வந்தவர்களுக்கு ஊர் எரிக்கிற காஸும் கண்ணுக்குத் தெரிந்திருக்கும், மணி ஏறுவதிலும் இறங்குவதிலும். 2016இல் கூட்டைப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றினார்கள். அசைவைப் பட்டியலில் ஏற்ற வழியில்லை, அதுதான் என் வயிற்றெரிச்சல்.

எங்கட கொழும்புப் பொரளை ஓவல் மைதானத்துக்கு அப்படி அயலார் இல்லை. 1948இல் பிராட்மன் ஆடினபோது பிட்ச் இரண்டு யார்ட் குறைந்த கதைதான் எங்கட இஞ்சினியரிங்! புறக்கோட்டையில் காஸ் வேர்க்ஸ் வீதி இருக்கிறது. தினமும் அதால் போகிறவனுக்கு அது ஒரு பஸ் தரிப்பு.

அடுத்த முறை போனால் தூண்களின் உள்பக்கம் பார். உருளை ஓடின தண்டவாளம் இருந்தால் கிட்டப்போய்ப் படம் எடுத்து அனுப்பு. பால்கனி பூச்சாடி வேண்டாம்.

உன்,
பழைய மச்சான்
கொழும்பு