மூன்றும் ஓரிடத்தில் விழட்டும்

தேன்கனிக்கோட்டை

அன்புள்ள குமரா,

நேற்று போனில் உன் குரல் சோர்ந்திருந்தது. மான் வேட்டைக்கு முன், குழல் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் உன் துப்பாக்கியைச் சரிபார்க்க 25 கெஜத்தில் குறி அட்டை வைத்துச் சுட்டாய், குண்டு 2 அங்குலம் இடப்பக்கம் போனது, குறிபார்க்கும் ஸ்கோப்பை 8 கிளிக் திருகியும் சரியாகவில்லை, துப்பாக்கியே கோணல் என்றாய். இல்லை கண்ணு. உன் ஸ்கோப்பின் திருகில் ஒரு கிளிக், அதாவது ஒரு ‘டக்’, 100 கெஜத்தில் குண்டைக் கால் அங்குலம் நகர்த்தும் என்றாய் அல்லவா? 25 கெஜத்தில் அது அங்குலத்தில் 16ல் ஒரு பங்குதான் நகர்த்தும். 8 கிளிக்குக்கு அரை அங்குலம். 2 அங்குலம் வேண்டுமானால் 32 கிளிக். 30 வருஷம் கோணம் அளக்கும் தியோடலைட்டோடு நிலம் அளந்தவனுக்கு இது பழகிய கணக்கு.

ஆனால் ஒரே குண்டை நம்பித் திருகாதே. மூன்று சுடு. மூன்றும் நெருங்கி விழுந்தால் அதன் நடுவிலிருந்து அளந்து திருகு. சிதறினால் ஸ்கோப்பைத் தொடாதே, பெரும்பாலும் மருந்தும் குண்டும் கெட்டித்ததில்தான் கோளாறு.

உன் தாத்தா கெட்டிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான். மருந்தைச் சின்ன மூங்கில் குழாயில் தலைதட்டி அளப்பார். கெட்டிக்கிற கம்பியில் கத்தியால் ஒரு கோடு கீறியிருப்பார். குண்டு மருந்தின்மேல் உட்கார்ந்ததும் அந்தக் கோடு குழல் வாயோடு சேர்ந்து நிற்கும். கோடு மேலே தெரிந்தால் இடையில் வெற்றிடம் இருக்கிறது. அப்படியே சுட்டால் குழலே வெடிக்கலாம். நீயும் உன் கம்பியில் கோடு போடு. ஒவ்வொரு வெடிக்கும் பிறகு குழலில் ஈரத்துணி, அப்புறம் காய்ந்த துணி. கரி படிந்தால் அடுத்த குண்டு வேறு இடத்துக்குப் போகும். மருந்தைப் பற்றவைக்கும் கேப் மட்டும் வெடித்து மருந்து பற்றாவிட்டால், ஒரு நிமிஷமாவது குழல் அட்டைப் பக்கமே இருக்கட்டும். இந்தக் காலத்துத் தோட்டாக்களில் போடும் புகையில்லா மருந்தை மட்டும் கிட்டேயே கொண்டுபோகாதே.

25ல் சரியானதும் 50, பிறகு 100. குழல் ஆறும்வரை காத்திரு. மானுக்கு முன் நீ சுடப்போவது ஆறிய குழலில் முதல் குண்டு. அதனால் மறுநாள் காலை ஒன்று சுட்டுப் பார்.

இவ்வளவு சொல்லக் காரணம் இருக்கிறது. 1970ல் அஞ்செட்டிப் பக்கம் நம் கேழ்வரகுக் காட்டில் பன்றி இறங்கியது. எனக்கு அப்போது 12 வயது. தாத்தா அவசரத்தில் மருந்தை அளக்காமல் கொட்டிக் கெட்டித்துச் சுட்டார். அடி பட்டது, பன்றி விழவில்லை. விடிந்து பார்த்தால் கதிர்களில் ரத்தம். இரண்டு நாள் தேடினோம். மூன்றாம் நாள் காக்கை கூட்டிய இடத்தில், ஓடைக்குள், செத்துக் கிடந்தது. வாயெல்லாம் மண். தண்ணீருக்கு மண்ணைக் கிளறியிருக்கிறது. தாத்தா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் அந்தத் துப்பாக்கியைத் தொட்டு நான் பார்க்கவில்லை. 1972ல் வனவிலங்குச் சட்டம் வந்த பிறகு ஸ்டேஷனில் ஒப்படைத்தார். ரசீது இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

இங்கே வேட்டை குற்றம். நீ இருக்கும் நாட்டில் அதற்குச் சீசனும் லைசென்சும் உண்டு என்கிறாய், சரி, நான் தடுக்கவில்லை. மூன்று குண்டும் ஒரு உள்ளங்கைக்குள் விழும் தூரம் எதுவோ, அதற்கு மேல் எந்த மானையும் குறிவைக்காதே. 50 கெஜம்தான் வருகிறதா, 50தான்.

ஞாயிற்றுக்கிழமை சுட்டதும் அட்டையைப் படமெடுத்து அனுப்பு. பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடு, நான் அளந்து சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா