கடைசியில் வருபவருக்காகத் திரும்பி வந்தவர்களுக்கு

சனிக்கிழமை காலையில் டச்பே கடற்கரையில் கூடும் நம் ஓட்டக் குழுவினருக்கும், குழுவில் சேராமலே எங்களுக்குத் துணை நின்ற திருகோணமலை உறவுகளுக்கும் அன்பு வணக்கம்.

உங்களிடம் நேரில் நன்றி சொல்ல வெளிக்கிட்டால் முழுதாகச் சொல்ல விடமாட்டீர்கள். "அதுக்கென்ன அக்கா", "விடுங்கோ மகள்" என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். பெயர் எதுவும் போடவில்லை. வாசிக்கும்போது யார் யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்கு விளங்கும்.

முதல் நன்றி என்னோடு கந்தோரில் வேலை செய்யும் தங்கச்சிக்கு. இரத்தத்தில் சீனி எல்லையில் நிற்கிறது, இப்படியே விட்டால் மருந்து தொடங்கவேண்டி வரும் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். அந்தக் கவலையில் நான் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமல் இருந்ததைக் கவனித்தது அவள்தான். உடம்பை அசையுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். கிழமைக்கு 150 நிமிடமாவது உடற்பயிற்சி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சரி, அதை எங்கே செய்வது, யாரோடு செய்வது, விடியற்காலை இருட்டில் ஒரு பெண் தனியே எப்படி வீதிக்கு இறங்குவது? இந்தக் கேள்விகளுக்குத் தங்கச்சி வாயால் பதில் சொல்லவில்லை. சனிக்கிழமை விடியும் முன்னர் ஸ்கூட்டியோடு என் வாசலில் வந்து நின்றாள்.

ஓட்டம் என்பது எங்களில் பலருக்குப் பள்ளிக்கூடத்தோடு முடிந்துபோன விஷயம். அங்கும் இல்லங்களுக்கிடையிலான மெய்வல்லுநர் போட்டியில் ஓடியவர்கள் ஒரு சிலர்தான். மற்றவர்கள் கூடாரத்தின் கீழ் இருந்து கைதட்டினோம். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் நம் நாட்டு வீராங்கனை சுசந்திகா 200 மீற்றர் ஓடிப் பதக்கம் வென்றபோது நாட்டோடு சேர்ந்து நாங்களும் மகிழ்ந்தோம். ஆனால் அந்த ஓட்டத்தில் நமக்கும் ஒரு பங்கு உண்டு என்று எந்தப் பெண்ணுக்கும் யாரும் சொல்லவில்லை. வேகமாக ஓடக்கூடியவர்களைத் தெரிந்தெடுக்க நம் ஊரில் எத்தனையோ ஏற்பாடுகள் உண்டு. மெதுவாக ஓடுகிறவர்களுக்கு ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தவர்கள் நீங்கள். இதை நான் பெரிய விஷயமாகவே மதிக்கிறேன்.

ஓய்வுபெற்ற உடற்கல்வி மாஸ்டருக்கு என் வணக்கம். நான் வந்த முதல் காலையில் என் சப்பாத்து குதியில் வழுக்குவதைக் கண்டு, அந்த வயதிலும் மணலில் முழங்கால் ஊன்றிக் குனிந்தீர்கள். நான் கூச்சத்தில் காலை இழுத்தேன். "பிள்ளை, அசையாம நில்" என்று சொல்லிவிட்டு, நாடாவை மேலே கடைசியாக இருக்கும் அந்தச் சின்ன ஓட்டைக்குள் அதே பக்கமாகவே செலுத்தி ஒரு வளையம் எடுத்தீர்கள். மறு பக்கத்திலும் அப்படியே. பிறகு இந்த நுனியை அந்த வளையத்துக்குள்ளும் அந்த நுனியை இந்த வளையத்துக்குள்ளும் விட்டு இழுத்தீர்கள். குதி இறுகிப் பிடித்துக்கொண்டது. இத்தனை வருடமாக அந்த ஓட்டை எதற்கு என்று தெரியாமல்தான் சப்பாத்துப் போட்டிருக்கிறேன். இப்போது வீட்டில் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் கட்டிவிடுகிறேன்.

ஒரு மாதம் போனதும் மூச்சு பழகிவிட்டது, இனித் தூரத்தைக் கூட்டலாம் என்று எங்களில் சிலர் துள்ளியபோது பிடித்து நிறுத்தியவரும் மாஸ்டர்தான். இதயமும் மூச்சும் சில கிழமைகளில் பழகிவிடும். எலும்புக்கும் தசைநாருக்கும் அதைவிடக் கூடிய காலம் வேண்டும். மூச்சை மட்டும் நம்பி ஓடினால் கணைக்கால் எலும்போரம் நோவு பிடித்து வீட்டில் இருக்கவேண்டி வரும் என்று அவர் சொல்லும்போது, ஒவ்வொரு முறையும் தன் காலைத் தொட்டுக் காட்டித்தான் சொல்லுவார். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் சூரியன் கடலில் இருந்து மேலே வந்தபின் நம் ஊரில் ஓடவே முடியாது. அந்த நாட்களில் ஐந்து மணிக்கே தொடங்கவேண்டும் என்று கண்டிப்பாக நின்றதும் அவர்தான்.

அடுத்து, மிட்வைஃப் அக்கா. அக்கா, உங்களைப் பற்றி எழுதத்தான் இந்த மடலே.

நம் குழுவில் கடைசியாக வருபவருக்குப் பின்னால் எப்போதும் ஒருவர் இருப்பார். அவர் அன்றைக்குத் தன் ஓட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டுத்தான் வருகிறார். நான் வந்து பல மாதங்கள் எனக்குப் பின்னால் இருந்தவர் நீங்கள். ஒரு லைட் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை மெல்லோட்டம், அதற்கடுத்த இரண்டு கம்பத்துக்கு நடை, திரும்ப ஓட்டம். கணக்கு அவ்வளவுதான். பேசிக்கொண்டே ஓட முடிந்தால் வேகம் சரி, பேச்சு அறுந்தால் வேகம் கூடிவிட்டது என்று சொன்னீர்கள். எனக்குப் பேசக் கதை வராத காலைகளில் தேவாரத்தில் ஓர் அடியைச் சொல்லச் சொன்னீர்கள். அடி முடியும் முன்னர் மூச்சு வாங்கினால் "நடப்பம்" என்று தோளில் கை வைப்பீர்கள். இரவு பிரசவ வீட்டில் நின்றுவிட்டு நேரே வந்த காலைகளும் உண்டு என்று பின்னர் வேறொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உங்களுக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்?

முன்னுக்கு ஓடும் பெடியளுக்கும் சொல்லவேண்டும். உங்கள் வேகத்துக்கு நீங்கள் ஓடி முடித்துவிட்டு, தேத்தண்ணி குடித்துக்கொண்டு கரையில் இருக்கலாம். யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் பிரெட்ரிக் கோட்டை வாசல் வரை போய், கடைசி ஆள் எங்கே என்று திரும்பி வந்து, எங்களைக் கண்டதும் எங்களோடு சேர்ந்து மீண்டும் முன்னால் திரும்புவீர்கள். உங்களுக்கு அதில் கூடுதல் தூரம் கிடைக்கிறது. எங்களுக்குக் கிடைப்பது வேறு. தனியே விடப்பட்டோம் என்ற எண்ணம் வரவே வராது. நான் முதன்முறையாக 5 கிலோமீற்றரை நடக்காமல் ஓடி முடித்த காலையில் நீங்கள் எல்லோரும் திரும்பி வந்து எனக்குப் பின்னால் ஓடினீர்கள். கடைசியாக வந்தது யார் என்று அன்றைக்கு யாராலும் சொல்ல முடியவில்லை.

மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் ஒருநாள் எங்களைப் பார்த்துத் தகாத சொல் சொல்லிவிட்டுப் போனதையும், அதன் பின்னர் நீங்கள் செய்ததையும் நான் மறக்கவில்லை. நீங்கள் துரத்திக்கொண்டு போகவில்லை, எங்களுக்குப் புத்தி சொல்லவும் இல்லை. அடுத்த கிழமை முதல் வாகனம் போகும் பக்கத்தில் உங்களில் இருவர், உள் பக்கத்தில் நாங்கள். கூட்டம் வைத்துத் தீர்மானித்ததாகத் தெரியவில்லை. அப்படியே வழக்கமாகிவிட்டது.

கண்பார்வை இல்லாத நம் தம்பிக்கு ஒரு தனி நன்றி. உன்னோடு ஓடும்போதுதான் நான் பிறந்து வளர்ந்த ஊரைச் சரியாகப் பார்க்கக் கற்றேன். ஒரு பழைய சப்பாத்து நாடா, இரண்டு பக்கமும் முடிச்சு. ஒரு முடிச்சு உன் விரலில், மற்றது என் விரலில். இழுக்கக்கூடாது, தள்ளக்கூடாது, சொல்லவேண்டும், அவ்வளவுதான் என்று நீதான் சொல்லித் தந்தாய். "இடப்பக்கம் குழி", "நாலு அடியில மேடு", "இனி ஏற்றம் தொடங்குது". கோட்டைக்குள் ஆலமரத்தடியில் ஒருநாள் புள்ளிமான் ஒன்று வீதிக்குக் குறுக்கே வந்து நின்றது. "நில்லு, மான்" என்றேன். "கொம்பு இருக்கா அக்கா?" என்று கேட்டாய். இருந்தது. எத்தனை கிளை, எந்தப் பக்கம் பார்க்கிறது, குட்டி ஏதும் பின்னால் நிற்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாய். நான் சொல்லச் சொல்ல அந்த மானை நானும் அன்றுதான் பார்த்தேன். அந்த வாசலால் எத்தனையோ தரம் கோணேசர் கோவிலுக்குப் போயிருக்கிறேன். வாசற் கல்லில் இரட்டைக் கயல் பொறித்திருப்பதை மாஸ்டர் சொல்லி, உனக்கு விவரிப்பதற்காகக் கிட்டப் போய்ப் பார்த்ததும் உன்னால்தான்.

பார்வையற்ற வீரர்களின் சர்வதேசப் போட்டிகளில், கூட ஓடும் வழிகாட்டி, வீரருக்கு முன்னர் எல்லைக் கோட்டைத் தாண்டக்கூடாது என்று விதி இருக்கிறது. அதைச் சொன்னதும் நீதான். நமக்குப் போட்டியும் இல்லை, கோடும் இல்லை. ஆனாலும் தேத்தண்ணிக் கடை வாசலில் உன்னை ஓர் அடி முன்னுக்கு விட்டுத்தான் நிற்கிறேன். நீ அதைக் கவனித்திருக்கிறாய் என்று நினைக்கிறேன்.

ஜமாலியாவிலிருந்து வரும் சகோதரிகளே, அபாயாவோடு ஓடலாமா என்று முதல் நாள் நீங்கள் கேட்டதும், எப்படி வசதியோ அப்படி என்று அக்கா சொன்னதும் எனக்கும் தைரியம் தந்தது. நான் பஞ்சாபி உடுப்போடு வந்தவள். நோன்பு மாதத்தில் குழு மாலை நேரத்துக்கு மாறியது. நோன்பு திறக்க முன்னர் மெல்லிய நடை மட்டும். பின்னர் நீங்கள் கொண்டுவந்த கஞ்சியை எல்லோருமாகக் கரையில் இருந்து குடித்தோம். கந்தளாயிலிருந்து வந்த சிங்கள ரீச்சர் இரண்டாம் கோப்பை கேட்டு வாங்கியதும் அங்கேதான். இந்த ஊரில் ஒரே வீதியில் எதிரும் புதிருமாகப் போய்க்கொண்டிருந்தவர்கள் நாங்கள். ஒருவர் வீட்டு விஷயம் ஒருவருக்குத் தெரியும் அளவுக்கு வந்துவிட்டோம்.

எங்கள் திறப்புகள், கைபேசிகள், செருப்புகள் எல்லாவற்றையும் தன் ஓட்டோவுக்குள் வைத்துக் காவல் இருக்கும் அண்ணனுக்கும் நன்றி. முதல் சவாரியை விட்டுவிட்டுத்தான் நிற்கிறீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஒருநாள் ஒரு சகோதரிக்குத் தலை சுற்றியபோது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், காசு வாங்காமல், அவர் வெளியே வரும் வரை வாசலில் நின்றீர்கள். எங்களுக்காக நேரத்தோடு கடை திறந்து, தேசிக்காய்த் தண்ணியில் உப்புப் போட்டுத் தரும் ஐயாவுக்கும், கோட்டை வாசலில் கிழமைதோறும் எங்களைக் கண்டு தலையசைக்கும் காவலாளிகளுக்கும் நன்றி.

வீட்டில் மாமிக்கு. "இந்த வயசில ஓட்டமோ" என்று நீங்கள் கேட்டது என்மேல் உள்ள பயத்தில்தான். இப்போது எனக்கு முன்னமே எழும்பி, இடியப்பம் அவித்துவைத்துவிட்டு, "நேரமாகுது" என்று கதவில் தட்டுகிறீர்கள். பிள்ளைகளின் சனிக்கிழமைக் காலையை முழுதாகத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்ட என் கணவருக்கும் நன்றி. கிளினிக்கில் கடைசியாகப் பார்த்தபோது சீனி இறங்கியிருந்தது. சாப்பாட்டையும் கவனித்தேன், அதற்கும் பங்கு உண்டு. ஆனால் டொக்டர் முதலில் கேட்டது, "எங்க ஓடுறீங்க?" என்றுதான். அவருடைய மனைவி இரண்டு கிழமையாக நம்மோடு வருகிறார்.

இதை வாசித்துவிட்டு வர விரும்புபவர்களுக்கு: சனிக்கிழமை காலை ஐந்தரை, கச்சான் காலத்தில் ஐந்து. டச்பே கரையில், ஓட்டோ நிற்கும் இடம். காசு இல்லை. புதுச் சப்பாத்து தேவையில்லை, காலுக்குப் பொருந்துவது போதும். நெஞ்சு வருத்தமோ பிரஷரோ இருந்தால் முதலில் டொக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். முழுதும் நடந்தாலும் பரவாயில்லை. வாடைக்காலத்தில் மழை இறுகிப் பெய்தால் மட்டும் நிறுத்துவோம். தூறலுக்கு ஓடுவோம்.

அக்காவுக்கு இந்த மாதம் முழுக்க இரவு வேலை. கடைசியில் வருபவருக்குப் பின்னால் இந்த மாதம் நான் வருகிறேன்.

அன்புடன்,
உவர்மலையிலிருந்து உங்கள் சகோதரி