சம்மட்டியின் பிடி ஏன் குட்டையாக இருக்கிறது? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கதைகளில் வரும் மந்திரப் பொருள்களின் மாதிரிகளை மரத்திலும் பித்தளையிலும் இரும்பிலும் செய்து, நாடகக் குழுக்களுக்கும் வாசகர்களுக்கும் மேசையைச் சுற்றி அமர்ந்து பாத்திரமேற்று விளையாடுவோருக்கும் அனுப்பிவருகிறோம். அண்மையில், பழைய வட ஐரோப்பியக் கதைகளில் வரும் இடித் தேவனான தோரின் சம்மட்டியை வாங்கியவர்களில் சிலர், தலையின் பருமனுக்குப் பிடி மிகவும் குட்டையாக இருக்கிறது, இரண்டு கைகளாலும் பிடிக்க இடமில்லை, அளவில் பிழை நேர்ந்துவிட்டது என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பிழை கதைக்குள்ளேயே நேர்ந்தது. அதைத் திருத்தாமல் வைத்திருப்பதற்கான காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்வது எங்கள் கடமை.

1220ஆம் ஆண்டையொட்டி ஐஸ்லாந்தில் ஸ்னோரி ஸ்டுர்லுசோன் எழுதிய, அந்தத் தேவர்களின் கதைகளைச் சொல்லும் எட்டா நூலில் இந்தச் சம்மட்டி பிறந்த கதை இருக்கிறது. தோரின் மனைவி சிஃபின் கூந்தலை வெட்டிவிட்ட லோக்கி என்ற குறும்புத் தேவன், அதற்கு ஈடாகப் பொற்கூந்தல் செய்து வாங்கக் குள்ளர்களிடம் போகிறான். அவர்கள் கூந்தலோடு ஒரு கப்பலையும் ஓர் ஈட்டியையும் செய்து தருகிறார்கள். பிறகு லோக்கி, புரொக்கர் என்ற வேறொரு குள்ளனைப் பார்த்து, உன் உடன்பிறந்தவனால் இவற்றுக்கு இணையாக மூன்று பொருள்களைச் செய்ய முடியாது என்று தன் தலையையே பந்தயம் வைக்கிறான். அந்த உடன்பிறந்தவனாகிய எய்ட்ரி உலையில் பன்றித்தோலை இட்டு, தான் வந்து எடுக்கும்வரை துருத்தி நிற்கக் கூடாது என்று புரொக்கரிடம் சொல்லிவிட்டுப் போகிறான். ஈ ஒன்று பறந்து வந்து கையில் கடிக்கிறது, அவன் நிறுத்தவில்லை, பொன்மயிர் ஒளிரும் பன்றி வெளிவருகிறது. அடுத்து உலையில் பொன் இடப்படுகிறது. இம்முறை ஈ கழுத்தில் இருமடங்கு வலிக்கக் கடித்தும் அவன் கை ஓயாததால், ஒன்பதாம் இரவுதோறும் தன் எடைக்கு எடை எட்டு வளையங்களைச் சொட்டும் திராப்னிர் என்ற வளையம் கிடைக்கிறது. மூன்றாவது இரும்பு. ஈ கண்களுக்கு நடுவே அமர்ந்து இமைகளைக் கடித்து, குருதி வழிந்து கண்ணை மறைக்கவே, ஒரு கணம் கையை எடுத்து அதைத் துரத்துகிறான். துருத்தி அமுங்கிய அந்த ஒரு கணத்தால்தான் மியோல்னிர் என்ற சம்மட்டியின் பிடி குட்டையாகிப்போனது. அப்படியிருந்தும், அரக்கர்களிடமிருந்து காப்பதற்கு இதைவிடச் சிறந்த பொருள் இல்லை என்று சொல்லித் தேவர்கள் குள்ளனின் பக்கமே தீர்ப்பளித்தார்கள். காற்று தளர்ந்தால் உலையின் சூடு இறங்கிவிடும் என்பதைக் கையறிவாக அறிந்த ஒருவர்தான் இந்தக் கதையை முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்பது, நாள்தோறும் உலையருகே நிற்கும் எங்களுடைய எண்ணம்.

இந்தக் கதையில் மந்திரச் சொல் எதையும் நாம் காண்பதில்லை. பொருள் எவ்வளவு வல்லமை பெறும் என்பதை மூலப்பொருளும், நெருப்பும், செய்கிறவனின் பொறுமையும் முடிவுசெய்கின்றன. செய்யும்போது நேர்ந்த குறையும் அந்தப் பொருளோடு கடைசிவரை வாழ்கிறது.

இன்னொரு வேண்டுகோளும் அடிக்கடி வருகிறது. தகுதியுள்ளவன் மட்டுமே இதைத் தூக்க முடியும் என்ற வாசகத்தைத் தலையில் பொறித்துத் தரும்படி கேட்கிறார்கள். அந்த வாசகம் 1962இல் வெளிவந்த அமெரிக்கச் சித்திரக்கதையில் பிறந்தது. பழைய கதையில் மியோல்னிரை யாரும் எடுத்துச் செல்லலாம். திரிம் என்ற அரக்கன் அதைத் திருடி மண்ணுக்கடியில் எட்டுக் காத தூரத்தில் புதைத்துவைத்ததைப் பற்றித் தனிப் பாடலே உண்டு. தோருக்குங்கூட அதன் பிடியைப் பற்ற இரும்புக் கையுறைகள் தேவைப்பட்டன. கையுறை போட்டுப் பிடிக்க வேண்டிய கருவி என்பது கொல்லருக்குத் தெரிந்த கட்டுப்பாடு. உள்ளத்தை அளந்து பார்க்கும் கருவி என்பது பிற்காலத்தின் கற்பனை. இரண்டும் நல்ல கற்பனைகளே. ஆனால் ஒன்றின் விதியை மற்றொன்றின் மேல் பொறித்துக் கொடுக்க எங்களுக்கு மனமில்லை. சித்திரக்கதையின் சம்மட்டி வேண்டுமானால் அதைச் செய்ய உரிமை பெற்றவர்களிடம் வாங்குவதே முறை.

அதே வட ஐரோப்பியக் கதை மரபில் வரும் டிர்ஃபிங் என்ற வாளை வாங்குகிறவர்களுக்கு உறையோடு சேர்த்துத்தான் தருகிறோம். உறையில்லாமல் விலை குறைத்துத் தர இயலாது. ஸ்வாஃபர்லாமி என்ற அரசன் இரண்டு குள்ளர்களை மடக்கிப்பிடித்து, துருப்பிடிக்காத, இரும்பைத் துணிபோல் வெட்டும் வாளை மிரட்டிச் செய்துவாங்கினான். சொன்னபடியே வாள் வந்தது. ஆனால், உறையிலிருந்து உருவும்போதெல்லாம் ஓர் உயிரைக் கொள்ளும், மூன்று கொடுஞ்செயல்களுக்குக் கருவியாகும், உன்னையும் கொல்லும் என்ற சாபமும் அதனுடனேயே வந்தது. கூலியில்லாமல் வாங்கிய வேலை இப்படித்தான் ஆளைத் திருப்பித் தாக்கும் என்பதைக் கதை மறைக்காமல் சொல்கிறது. ஆகவே அந்த வாளில் மனிதன் கையிலிருக்கும் ஒரே கட்டுப்பாடு அதன் உறைதான். 1954இல் பால் ஆண்டர்சன் எழுதிய நாவலில் வரும் மந்திர வாள் இந்த டிர்ஃபிங்கின் வழிவந்தது. அதே ஆண்டில் வெளிவரத் தொடங்கிய டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நெடுங்கதையில் மோதிரத்தைச் செய்தவன் தன் வல்லமையின் பெரும்பங்கை அதனுள் வார்த்துவிடுகிறான். அதனால் அது பிறர் விரலில் இருந்தாலும் அவனுக்கே உரியதாக இருக்கிறது, வார்த்த நெருப்பிலன்றி வேறெங்கும் அழிவதுமில்லை.

மேசை விளையாட்டுக்காக வாங்குவோருக்கு இந்த மரபு புதிதாக இராது. 1974இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் முதல் விதிநூல்களிலேயே சில வாள்களுக்கு அறிவும் தன்முனைப்பும் எண்களாகத் தரப்பட்டிருந்தன. வாளின் முனைப்பு ஏந்தியவனை மிஞ்சினால் வாளே அவனை நடத்தும். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில், வல்லமை மிக்க பொருள்கள் பலவற்றோடு வீரன் முதலில் சற்று நேரம் அமர்ந்து இசைந்துகொள்ள வேண்டும், ஒரே சமயத்தில் மூன்றுக்கு மேல் இசைய முடியாது என்று வைத்தார்கள். விளையாட்டைச் சமன்செய்ய வந்த விதி என்றாலும், பொருளோடு பழகினால்தான் அது வசப்படும் என்ற எண்ணம் அதில் இருப்பதால் எங்களுக்கு அது மிகவும் பிடிக்கும்.

கிளெய்ப்னிர் என்ற தளையைக் கேட்டு எழுதியவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபென்ரிர் என்ற ஓநாயைக் கட்டக் குள்ளர்கள் அதைப் பூனையின் காலடியோசை, பெண்ணின் தாடி, மலையின் வேர், கரடியின் நரம்பு, மீனின் மூச்சு, பறவையின் எச்சில் ஆகிய ஆறையும் கொண்டு செய்தார்கள். பட்டு நாடாவைப்போல மெல்லியதாக இருந்தது என்று எட்டா நூல் சொல்வதால் பட்டிலேயே செய்து தருவோம். ஆனால் ஓநாய் அதற்கு இணங்கியது, டிர் என்ற தேவன் தன் கையை அதன் வாயில் பிணையாக வைத்த பிறகுதான். தளை இறுகியதும் கை போயிற்று. அந்த விலையை எங்களால் நாடாவில் நெய்து காட்ட முடியாது என்பதால், அதைச் சொல்லும் ஒரு சிறு தாளை உடன் வைக்கிறோம்.

எங்கள் பித்தளை வேலையில் நாங்கள் அதிகம் அக்கறை கொள்வது மணிமேகலையின் அமுதசுரபி. ஆதிரை முதலில் பிச்சையிடும்வரை அது மணிமேகலையின் கையில் வெறும் பாத்திரமாகவே இருந்தது. அதற்கு முன்பு ஆளில்லாத மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்ட ஆபுத்திரன், பல்லுயிர் காக்கும் பாத்திரத்தால் தன் உயிரை மட்டும் காப்பதை ஒவ்வாமல், ஆண்டுக்கொருமுறை வெளிப்பட்டு அருளுடையவர் கையைச் சேர்க என்று சொல்லி அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுப் பட்டினி கிடந்து உயிர்துறந்தான். அவன் சொல்லே அந்தப் பாத்திரத்தின் பூட்டும் திறவுகோலும் ஆயிற்று. அதனால்தான் அதன் மேல் பூவேலையோ மணிகளோ பதிக்காமல் பிச்சைப் பாத்திரமாகவே விடுகிறோம்.

சம்மட்டியின் பிடி குட்டை என்பதற்காகத் திருப்பி அனுப்ப விரும்புவோர் அனுப்பலாம்; அஞ்சல் செலவு உட்பட முழுத் தொகையையும் திருப்பித் தருகிறோம். பிடி ஆடினாலோ தலையில் வெடிப்பு இருந்தாலோ அது எங்கள் பட்டறையின் பிழை. வேறொன்று செய்து தருவோம். நீளமான பிடி போட்டுத் தர மட்டும் கேட்க வேண்டாம்.

அன்புடன்,
பட்டறையினர்