தண்ணீரின் குளிரை அளந்து பலகையில் எழுதுங்கள்: மலைப்பாதை டிரையத்லான் அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த உங்கள் டிரையத்லானின் அடுத்த ஜனவரிப் பந்தயத்துக்குப் பதிவு சீக்கிரம் தொடங்கப்போகிறது என்று கேள்விப்பட்டேன். அதற்கு முன்பே இது உங்கள் கண்ணில் பட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். போன ஜனவரியில் மூணாற்றில் நடந்தது உங்களுக்குத் தெரியும். மின்னஞ்சல் அனுப்பினோம். "கவனத்தில் கொள்கிறோம்" என்று ஒரு வரி வந்தது. அப்புறம் ஒன்றும் வரவில்லை. அதனால் எல்லாரும் படிக்கும்படி கேட்கிறேன். நீச்சல் தொடங்கும் முன் தண்ணீரின் வெப்பநிலையை அளந்து, கரையில் ஒரு பலகையில் எழுதிப் போடுங்கள். அந்த எண் என்ன சொல்கிறதோ அதன்படி நீச்சல் தூரத்தைக் குறையுங்கள், தேவையென்றால் நீச்சலையே நிறுத்துங்கள்.

உங்கள் முடிவுப் பட்டியலில் ஒரு தம்பியின் பெயருக்கு நேராக 'பாதியில் விலகினார்' என்று இருக்கிறது. அவன் விலகவில்லை. அவனுக்குச் சற்றுப் பின்னால் கரையேறியவன் நான், பார்த்ததைச் சொல்கிறேன். எஸ்டேட் பையன். அம்மா கொழுந்து எடுக்கிறார். கரையேறி வரும்போது நேராகத்தான் நடந்தான். சைக்கிள் நிறுத்தியிருந்த இடத்துக்கு வந்து ஹெல்மெட்டைத் தலையில் வைத்தான். தாடைக்குக் கீழே அந்தப் பட்டையை மாட்ட வேண்டும், அவ்வளவுதான். விரல்கள் மடங்கவில்லை. திரும்பத் திரும்ப முயன்றான். உதடு கருநீலமாகிவிட்டது. பக்கத்தில் நின்ற மார்ஷலிடம், "அண்ணா, இதை மட்டும் மாட்டி விடுங்க" என்று கேட்டான், அதுவும் குழறலாக. வெளி உதவி வாங்கினால் தகுதி நீக்கம் என்று மார்ஷல் சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான். ஹெல்மெட் மாட்டாமல் சைக்கிளைத் தொடக்கூடாது என்பதும் விதி. ஆகவே தம்பி குனிந்து உட்கார்ந்து, இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து அழுத்தி, எப்படியோ மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

முதல் இறக்கத்திலேயே விழுந்தான். பிரேக்கை இழுக்க விரலில் பிடி இல்லை. நான் அந்த வளைவுக்கு வந்தபோது தேயிலைச் செடிகளுக்கு நடுவே கிடந்தான், உடம்பெல்லாம் உதறிக்கொண்டிருந்தது. விறகுக்கு வந்த இரண்டு அக்காமார்கள் எங்களுக்கு முன்பே அவனிடம் போய்விட்டார்கள். ஈர உடுப்பைக் கழற்றித் தங்கள் கம்பளியைச் சுற்றினார்கள். நாங்கள் மூவருமாகத் தாங்கிப் பிடித்து தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டுக்குக் கொண்டுபோனோம். அடுப்பு மூட்டிச் சூடாகக் கட்டன் சாயா கொடுத்தார்கள். உங்கள் மருத்துவ ஜீப் வந்து சேர்ந்தபோது அவன் பேசத் தொடங்கியிருந்தான்.

இதில் அதிர்ஷ்டம் எவ்வளவு இருந்தது என்பதை நீங்கள் உணர்ந்தீர்களா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த அக்காமார்கள் அன்று வேறு பக்கம் விறகுக்குப் போயிருந்தால்?

குளிர்ந்த தண்ணீர் உடம்பை என்ன செய்யும் என்பது மர்மம் ஒன்றும் இல்லை. காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை இழுத்துக்கொள்ளும். இறங்கிய முதல் நிமிடத்தில் மூச்சு வாங்கும், அடக்க முடியாது. அதைத் தாண்டினால் அடுத்துப் போவது கையும் விரலும். உடம்பின் நடுப்பகுதியைக் காப்பாற்றுவதற்காகக் கை கால்களுக்குப் போகும் ரத்தத்தை உடம்பே குறைத்துக்கொள்கிறது. கரையேறியதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பதுதான் ஆபத்து, ஏனென்றால் வெளியே வந்த பிறகும் சிறிது நேரம் உள்சூடு இறங்கிக்கொண்டே இருக்கும். சாதாரண டிரையத்லானில் அதற்கடுத்து வருவது தார்ச்சாலை. மலைப்பாதைப் பந்தயத்தில் வருவது கல்லும் வேரும் நிறைந்த இறக்கம், நனைந்த உடம்பில் அடிக்கும் காற்று. பிரேக் பிடிக்கும் இரண்டு விரலில்தான் உயிர் இருக்கிறது. அந்த விரல்களை முதலில் செயலிழக்க வைப்பது உங்கள் நீச்சல்.

நான் கேட்பது புதிதான ஒன்றும் இல்லை. உலக டிரையத்லான் அமைப்பின் விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது. பந்தயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு, நீச்சல் பாதையின் நடுவிலும் வேறு இரண்டு இடங்களிலும், 60 செ.மீ. ஆழத்தில் அளக்க வேண்டும். அவற்றில் எது மிகக் குறைவோ அதையே கணக்கில் எடுக்க வேண்டும். 16 டிகிரிக்குக் கீழே போனால் வெட்சூட் (உடல் சூட்டைக் காக்கும் நீச்சல் உடுப்பு) கட்டாயம். 12 டிகிரிக்குக் கீழே போனால் நீச்சலே கிடையாது. வெளி உதவி வாங்கக்கூடாது என்ற விதியை அன்று அட்சரம் பிசகாமல் காப்பாற்றினீர்கள். அளக்க வேண்டும் என்ற விதி மட்டும் எங்கே போனது? அன்று காலை தண்ணீர் எத்தனை டிகிரி என்று இந்த நிமிடம் வரை யாராலும் சொல்ல முடியவில்லை. உங்களாலும் முடியவில்லை, கேட்டுப் பார்த்துவிட்டோம்.

ஜனவரியில் எங்கள் ஊர் எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. செண்டுவாரை, கன்னிமலைப் பக்கம் விடியற்காலைப் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும் படத்தைத்தானே விளம்பரத்தில் போட்டீர்கள்? அந்த உறைபனியில் கொழுந்து கருகி, எத்தனை குடும்பங்களுக்கு வேலை குறைகிறது என்பது எங்களுக்குத் தெரியும். பனியைக் காட்டி ஆள் சேர்த்த நீங்கள், அந்தப் பனிக்கு ஏற்பாடு செய்திருக்க வேண்டும்.

பெரிய பந்தயங்கள் இதைக் கௌரவக் குறைவாக நினைப்பதில்லை. நார்வேயின் நார்ஸ்மன் பந்தயத்தில் கப்பலிலிருந்து கடல் நீரில் குதித்து 3.8 கி.மீ. நீந்த வேண்டும். கடினம் என்பதுதான் அதன் பெருமையே. அவர்களே 2015இல் தண்ணீர் 10 டிகிரிக்கு இறங்கியபோது தூரத்தைப் பாதியாகக் குறைத்தார்கள். அமெரிக்காவின் மினசோட்டாவில் கடும் பனிக்காலத்தில் நடக்கும் ஆரோஹெட் 135 என்ற 217 கி.மீ. பந்தயத்தில் குளிரில் படுத்துறங்கும் பை, அடுப்பு, உணவு எல்லாம் இல்லாமல் தொடக்கக் கோட்டிலேயே நிற்க முடியாது. கழுத்தில் ஒரு விசிலும் தொங்க வேண்டும். குளிரில் வாய் இறுகிவிட்டால் கத்தி உதவி கேட்க முடியாது என்பதற்காக. இதையெல்லாம் அனுபவித்தவர்கள் எழுதிய விதிகள்.

எழுதாமல் விட்டதன் விலையும் நம் கண்முன் இருக்கிறது. 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கி.மீ. மலை ஓட்டம் நடந்தது. நடுவழியில் ஆலங்கட்டியும் உறைமழையும் சூறைக்காற்றும் வந்தன. குளிர் தாங்கும் மேலுடுப்பு அங்கே கட்டாயமில்லை, பலர் அரைக்கால் சட்டையில் ஓடினார்கள். 21 பேர் குளிரிலேயே இறந்தார்கள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் குகையில் நெருப்பு மூட்டி ஆறு பேரைக் காப்பாற்றினார். அதைப் படித்தபோது கம்பளி கொடுத்த எங்கள் ஊர் அக்காமார்கள்தான் என் நினைவுக்கு வந்தார்கள். மேய்ப்பவரையும் விறகு பொறுக்குபவரையும் நம்பி ஒரு பந்தயம் நடக்கக்கூடாது.

வெட்சூட் விஷயத்துக்கு வருகிறேன். அன்று வெளியூரிலிருந்து வந்த பலர் வெட்சூட் போட்டிருந்தார்கள். எங்கள் பிள்ளைகளிடம் ஒன்றுகூட இல்லை. நல்லதாக ஒன்று வாங்கினால் அம்மாவின் ஒரு மாதச் சம்பளம் போய்விடும். அதனால் 'கட்டாயம்' என்று மட்டும் அறிவித்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளாதீர்கள். அப்படிச் செய்தால் இந்த மண்ணில் பிறந்தவர்கள் கரையில் தண்ணீர் பாட்டில் கொடுக்க மட்டுமே வர முடியும். சில வெட்சூட்களை வாங்கி வைத்து வாடகைக்குக் கொடுங்கள். முடியாவிட்டால் குளிர் நாளில் எல்லாருக்கும் தூரத்தைக் குறையுங்கள். குளிர் எல்லாருக்கும் ஒன்றுதான், உடுப்புதான் வேறு.

சொல்ல வந்ததோடு இதையும் சொல்லிவிடுகிறேன். பந்தயத்துக்கு முந்தைய நாள் விளக்கக் கூட்டம் முழுக்க ஆங்கிலத்தில் நடந்தது. பங்கேற்றவர்களில் பாதிப்பேரும், வளைவுகளில் கொடி பிடித்து நின்றவர்களில் ஏறக்குறைய எல்லாரும் தமிழும் மலையாளமும் பேசுகிறவர்கள். குளிர் ஏறினால் என்ன அறிகுறி தெரியும், யாரை உடனே நிறுத்த வேண்டும் என்று அவர்கள் மொழியில் ஐந்து நிமிடம் சொல்ல உங்களுக்கு மனம் வரவில்லை. வானத்தில் டிரோன் பறந்தது. வளைவில் நின்ற பையனிடம் ஒரு வாக்கிடாக்கி இல்லை, செல்போன் இருந்தது, அங்கே சிக்னல் கிடையாது. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்கள் புதைந்து 70 உயிர்கள் போனபோது, மறுநாள் காலையில்தான் வெளியுலகுக்குச் செய்தி எட்டியது. இந்த மலையில் தகவல் போய்ச் சேராதது எத்தனை கொடுமை என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் மலையை வாடகை மேடையாக நினைக்கிறவர்களுக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். பந்தயம் வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. 1996இல் ஹவாயில் தொடங்கி, பிறகு எக்ஸ்டெரா என்ற பெயரில் பரவிய இந்த விளையாட்டு எங்கள் மலைக்கு வந்ததில் எனக்கு உண்மையான சந்தோஷம். கொழுந்துக்கூடை தூக்கிய வழியிலேயே ஓடிப் பழகிய பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான பந்தயம் எது? 2023 பிப்ரவரியில் லடாக்கில் உறைந்த பாங்காங் ஏரி மேல் 21 கி.மீ. ஓட்டம் நடந்ததிலிருந்து, ஒருநாள் அங்கே ஓட வேண்டும் என்று எங்கள் பையன்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சைக்கிள் பிரேக் பிடிக்க முடியாமல் விழுந்த அந்தத் தம்பியும் அதில் ஒருவன். இந்த வருடமும் பதிவு செய்வேன் என்கிறான். அவன் அம்மா வேண்டாம் என்கிறார். அவரிடம் போய்ப் பேசச் சொல்லி என்னைக் கேட்கிறான். நீங்கள் பதில் சொல்லாமல் நான் என்ன பேசுவது?

எனவே பணிவாகத் திரும்பவும் கேட்கிறேன். பந்தய நாள் காலையில் தண்ணீரை விதிப்படி அளந்து, எண்ணைத் தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் பலகையில் எழுதுங்கள். கரையேறும் இடத்தில் ஒரு தார்ப்பாய்க் கொட்டகை, அடுப்பு, கம்பளி, சூடான சாயா வையுங்கள். விரல் மடங்காதவரை சைக்கிள் எடுக்க விடாதீர்கள், ஹெல்மெட் மாட்டிவிட்டதற்காக யாரையும் தகுதி நீக்கம் செய்யாதீர்கள். அளப்பதற்கு ஆள் இல்லையென்றால் நாங்கள் வருகிறோம். விடிவதற்கு முன் பரிசலில் போய் மூன்று இடத்திலும் அளந்து தர எங்களில் ஆட்கள் இருக்கிறார்கள், காசு வேண்டாம்.

பதிவு தொடங்கும் முன் எழுத்தில் ஒரு பதில் தாருங்கள். அதைத் தம்பியின் அம்மாவிடம் படித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
மூணாறு எஸ்டேட் ஓட்டக்காரர்களில் ஒருவன்