பாப்பாவுக்கு, ஹெட்போன் விஷயமாக

ஈசூன்
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பா,

ஹெட்போன் வாங்கப் போகிறாய் என்று அம்மா சொன்னாள். 250 வெள்ளிக்குள் இருக்க வேண்டும், மூடின வகையாக இருக்க வேண்டும், கர்நாடக சங்கீதத்திலிருந்து உன்னுடைய அந்த இரைச்சல் மெட்டல் வரைக்கும் எல்லாவற்றுக்கும் ஒத்துவர வேண்டும் என்றாயாம். முப்பது வருஷம் சவுண்ட் சிஸ்டம் கட்டினவன் வீட்டில் இருக்கிறேன், என்னையே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சரி, வேலை அதிகமாக இருக்கும்.

காதுக் கிண்ணத்தின் வெளிப்பக்கம் மூடினதுதான் உனக்குச் சரி. திறந்த வகை போட்டால் நீ கேட்கிற பாட்டில் பாதியைப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கிற பெண்ணும் கேட்டாக வேண்டும். ஆனால் மூடினது எல்லாச் சத்தத்தையும் தடுத்துவிடும் என்று நினைக்காதே. பேச்சு, கீபோர்ட் தட்டுகிற சத்தம் எல்லாம் அமுங்கும். எம்ஆர்டி ரயில் சுரங்கத்தில் 'கும்' என்று வருகிற அடிச்சத்தம் உள்ளே வந்துகொண்டுதான் இருக்கும். அதை அமுக்கப் பாட்டை ஏற்றாதே. அதற்கு இரைச்சல் நீக்கும் வகையே வேறு.

உன் காசுக்கு ஆடியோ டெக்னிகா எம்40எக்ஸ், சோனி 7506, பயர்டைனமிக் டிடி 770 ப்ரோ, இந்த மூன்றையும் போட்டுப் பார்.

எம்40எக்ஸின் மின்தடை 35 ஓம்தான், கைப்பேசியே தாராளமாக ஓட்டும். மிருதங்கத்தின் தொப்பியும் பேஸ் கிட்டாரும் ஒன்றோடொன்று குழம்பாமல் தனித்தனியாகக் கேட்கும். கடைக்காரன் எம்50எக்ஸ் எடு என்பான். அதில் பேஸ் கொஞ்சம் தூக்கல், கடையில் இரண்டு நிமிஷம் கேட்கும்போது மயக்கும். எம்40எக்ஸின் குறை காது மெத்தை. குழி ஆழமில்லாததால் காது மடல் உள்ளே இடிக்கும், ஒரு மணி நேரத்தில் வேர்க்கும். கேபிளைக் கழற்றலாம், ஆனால் அது 2.5 மில்லிமீட்டர், திருகிப் பூட்டுகிற வகை. கண்ட கேபிளை வாங்கினால் செருகும், பூட்டாது.

7506 ஒலிப்பதிவுக்காரர்களின் சாமான், 1991 முதல் வருகிறது. குரலும் நாதஸ்வரமும் முகத்துக்கு நேரே வந்து நிற்கும். பதிவில் இருக்கிற குறையெல்லாம் கூடவே வரும், பழைய பாட்டுக் கேட்கிறவர்களுக்கு அது தொல்லை. சுருள் கேபிள் கனம், கழற்றவும் முடியாது. மெத்தையின் செயற்கைத் தோல் நம்மூர்ப் புழுக்கத்தில் ஈரம் குடித்துக் கறுப்புத் தூளாக உதிரும், கழுத்தெல்லாம் ஒட்டும். காரோசெல் செயலியில் பழசு வாங்கினால் மெத்தைக்கும் சேர்த்துக் காசு கணக்குப் போடு. இதிலும் எம்50எக்ஸிலும் போலி உண்டு, விலை ரொம்ப மலிவென்றால் தொடாதே.

டிடி 770 ப்ரோ 32, 80, 250 என்று மூன்று ஓமில் வரும். நீ 80 எடு. 1 மில்லிவாட் மின்சக்திக்கு 96 டெசிபெல் சத்தம் என்று போட்டிருப்பான். ஹெட்போனைக் கைப்பேசியில் இணைக்கிற குட்டி டாங்கிள் சுமார் 1 வோல்ட் கொடுக்கும் என்று வை. 80 ஓமில் அது 12.5 மில்லிவாட், அதாவது 107 டெசிபெல், காதைக் கிழிக்கவே போதும். 250 ஓம் என்றால் 4 மில்லிவாட், 102 வரும். மெதுவாகப் பதிவு செய்த கச்சேரிக்கு அதில் கை இருப்பு குறைச்சல். வெல்வெட் மெத்தை, வேர்க்காது, தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். கேபிள் 3 மீட்டர், நாற்காலிச் சக்கரம் ஏறினால் போச்சு, அதுவும் கழற்ற முடியாதது. அறுந்தால் தூக்கிப் போடாதே, கொண்டு வா, சால்டர் வைத்துத் தருகிறேன்.

ஆடெல்பி கடைத்தொகுதியில் போட்டுப் பார்க்க விடுகிற கடைகள் இருக்கின்றன. உன் கைப்பேசி, உன் பாட்டு, உன் கண்ணாடியோடு போ. கண்ணாடிக் காம்பு மெத்தையில் இடுக்கு உண்டாக்கும், மூடின ஹெட்போனில் அந்த இடுக்கு வழியாகத்தான் பேஸ் ஓடிப்போகும். மாட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் உள்ளங்கையால் லேசாக அழுத்து. பேஸ் சட்டென்று கூடினால் உன் தலைக்கு அது சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம், எவ்வளவு பேர் புகழ்ந்தாலும் வேண்டாம்.

அப்புறம் இரண்டு பக்கமும் ஒரே சத்தம் வருகிற பழைய மோனோ பாட்டு ஒன்றைப் போடு. குரல் நெற்றிக்கு நேர் நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் ஹெட்போனை இடம் வலம் மாற்றிப் போடு. சாய்வும் மாறினால் ஹெட்போனிலோ கைப்பேசியிலோ குறை. மாற்றிப் போட்ட பிறகும் அதே பக்கம் சாய்ந்தால் அது ஹெட்போன் இல்லை. இதை மறக்காமல் செய். எந்தப் பக்கம் என்று எனக்குச் சொல்லாவிட்டாலும் அம்மாவிடம் சொல்.

மூன்றில் எது என்று கேட்டால் நான் டிடி 770 என்றுதான் சொல்வேன். ஆனால் என் பேச்சைக் கேட்காதே. அதில் 8000 ஹெர்ட்ஸைச் சுற்றி, கீச்சுச் சத்தம் வருகிற இடத்தில், ஒரு மேடு இருக்கிறது என்கிறார்கள். 'ஸ' சீறுமாம், ஜால்ராவும் சிம்பலும் ஊசியாய்க் குத்துமாம். எனக்குக் குத்தவில்லை. எனக்கு 8000 கேட்பதே இல்லை, பாப்பா. போன வருஷம் பரிசோதித்ததில் வலது காதில் 4000-இலேயே பள்ளம். அந்தத் தாளை அம்மாவிடம்கூடக் காட்டவில்லை. நீ ஏதாவது சொல்லும்போது நான் 'ம்' போட்டுவிட்டுப் போனதெல்லாம் பாதி கோபம் இல்லை, கேட்கவில்லை.

உனக்கு ராத்திரியில் காதில் 'கீ' என்று கேட்கிறதாமே. அம்மா சொல்லக் கூடாது என்றுதான் சொன்னாள். ஆறு வயதில் உன்னைக் கல்யாண மண்டபத்துக்கெல்லாம் தூக்கிப் போய், அழாமல் இருக்கிறாள் என்று ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்தது நான். பஞ்சுகூட வைக்கவில்லை. தவில் வந்தால் நீ காதைப் பொத்துவாய், நான் கையை எடுத்துவிட்டுச் சிரிப்பேன். 'சவுண்ட்காரன் மகள் பயப்படலாமா' என்பேன்.

சத்தத்துக்குக் கணக்கு இதுதான். 80 டெசிபெல் என்றால் வாரம் 40 மணி நேரம். 3 ஏறினால் நேரம் பாதி. 83-க்கு 20, 86-க்கு 10, 89-க்கு 5 மணிதான். கைப்பேசி காட்டுகிற டெசிபெல்லை நம்பாதே, வேறு கம்பெனி வயர் ஹெட்போனுக்கு அது உத்தேசம்தான். அமைதியான அறையில் பாட்டு போதும் என்கிற அளவில் வைத்துவிட்டு, ரயில் வந்தாலும் அதைத் தொடாதே. ஈக்வலைசரில் பேஸை 4 டெசிபெல் ஏற்றினால் ப்ரீஆம்ப் என்கிற மொத்த அளவை 4 இறக்கு, இல்லாவிட்டால் பிசிறும். டிடி 770 வாங்கினால் 8000-ஐ ஒரு 4 குறைத்துக் கேட்டுப் பார்.

பலதுறை மருந்தகத்துக்குப் போய்ச் சொன்னால் காது நிபுணரிடம் எழுதித் தருவார்கள். வேலை நாள் என்று தள்ளாதே. நான் தள்ளினேன்.

டைப்-சி டாங்கிள் ஒன்று மைலோ டின்னில் சும்மா கிடக்கிறது, புதன்கிழமை அம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன். குரல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை அவளிடம் சொல்லி அனுப்பு. போனில் வேண்டாம், எனக்குச் சரியாகக் கேட்காது.

அப்பா