ஒரு ரத்தப் பரிசோதனை போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

குழந்தைகளின் உயரம் குறித்த தங்கள் மருத்துவப் பக்கக் கட்டுரை, வளர்ச்சி ஹார்மோனை ஒரே ரத்தப் பரிசோதனையில் கணித்துவிடலாம் என்பதுபோல் எழுதப்பட்டிருந்தது. மூளையின் ஒரு பகுதியான ஹைப்போதாலமஸிலிருந்து வரும் ஒரு ஹார்மோன் தூண்ட, சொமட்டோஸ்டாட்டின் என்ற மற்றொரு ஹார்மோன் தடுக்க, மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி வளர்ச்சி ஹார்மோனை விட்டுவிட்டே சுரக்கிறது. ஆழ்ந்த உறக்கம் தொடங்கிய சிறிது நேரத்தில்தான் பெரும்பாலும் உச்சத்தைத் தொடுகிறது. பகலில் எடுத்த ரத்தத்தில் அளவு மிகக் குறைந்திருப்பது நலமாக உள்ள பிள்ளைக்கும் இயல்பே. இந்த ஹார்மோனின் தூண்டுதலால் கல்லீரல் வெளியிடும் ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணி, திரும்ப மூளைக்குச் சென்று சுரப்பை மட்டுப்படுத்துகிறது. ஐஜிஎஃப்-1 அளவு நாள் முழுவதும் பெரிதாக மாறாததால், மருத்துவர்கள் முதலில் அதைப் பார்க்கிறார்கள். ஐயம் நீடித்தால், வளர்ச்சி ஹார்மோன் சுரப்பைத் தூண்டும் குளோனிடின் போன்ற மருந்து கொடுத்து, குறிப்பிட்ட இடைவெளிகளில் ரத்தம் எடுப்பார்கள். சர்க்கரை ஏறினால் சுரப்பு அடங்கிவிடும் என்பதால், இச்சோதனை வெறும் வயிற்றில்தான் செய்யப்படுகிறது.

இப்படிக்கு,
உயிரியல் ஆசிரியர் ஒருவர், தஞ்சாவூர்